என்.எஃப்.எஸ். கோப்புப் பகிர்வு: வெவ்வேறு யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கு இடையே பழுது கண்டறிதல்

நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம், சுருக்கமாக என்.எஃப்.எஸ்., ஒரு கணினியின் வட்டில் இருக்கும் கோப்புறையை வலையமைப்பு வழியாக இன்னொரு கணினி தன் சொந்த வட்டில் இருப்பது போலவே திறக்கவும் எழுதவும் உதவும் நெறிமுறை. கோப்புறையைத் தருவது சர்வர். பெற்றுப் பயன்படுத்துவது கிளையன்ட். சர்வர் எந்தக் கோப்புறையை யாருக்குத் தரலாம் என்று அறிவிப்பதை எக்ஸ்போர்ட் என்றும், கிளையன்ட் அதைத் தன் கோப்பு மரத்தில் ஓரிடத்தில் பொருத்திக்கொள்வதை மவுண்ட் என்றும் சொல்வார்கள். இரண்டு முனையிலும் ஒரே இயங்குதளம் ஓடினால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. ஒரு பக்கம் லினக்ஸ், மறுபக்கம் ஃப்ரீ.பி.எஸ்.டி., மேக்ஓஎஸ், ஓப்பன்.பி.எஸ்.டி., சோலாரிஸ் என்று அமையும்போதுதான் மவுண்ட் ஆகாமை, எழுத முடியாமை, கோப்பின் உரிமையாளர் மாறித் தெரிதல், கட்டளை உறைந்து நிற்றல் போன்ற பழுதுகள் தலைகாட்டுகின்றன. இக்கட்டுரை அவற்றின் காரணங்களையும், காரணத்தைத் தேடிப் பிடிக்கும் வழியையும் விளக்குகிறது.

தோற்றமும் கிளைகளும்

என்.எஃப்.எஸ். நெறிமுறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் உருவாக்கியது. அதன் வடிவமைப்பை விளக்கி ரஸ்ஸல் சாண்ட்பெர்க், டேவிட் கோல்ட்பெர்க், ஸ்டீவ் கிளைமன், டான் வால்ஷ், பாப் லயன் ஆகியோர் எழுதிய கட்டுரை 1985ஆம் ஆண்டு யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வெளியானது. சன் நிறுவனம் விவரக்குறிப்பை மறைத்து வைக்காமல் வெளியிட்டது. இந்த நெறிமுறை பரவியதற்கு அந்தத் திறந்த மனப்பான்மையே முதல் காரணம். இன்று நாம் சந்திக்கும் பழுதுகளில் பலவற்றின் வேரும் அங்கேதான் இருக்கிறது. விவரக்குறிப்பைப் படித்து ஆளாளுக்குத் தனித்தனியாக நிரல் எழுதினார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிக் மேக்லெம் எழுதியது 1990இல் 4.3 பி.எஸ்.டி. ரீனோ வெளியீட்டில் இடம்பெற்று, பி.எஸ்.டி. குடும்பத்துக்கு மூலமானது. லினக்ஸின் நிரல் வேறொரு கை. சோலாரிஸினுடையது சன் நிறுவனத்தின் சொந்தப் பரம்பரை.

பதிப்புகளும் பெருகின. இரண்டாம் பதிப்பு 1989 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1094 ஆகவும், மூன்றாம் பதிப்பு 1995 ஜூனில் ஆர்.எஃப்.சி. 1813 ஆகவும் ஆவணமாயின. 1998இல் நெறிமுறையை வளர்க்கும் பொறுப்பு இணையப் பொறியியல் பணிக்குழுவுக்குக் கைமாறியது. நான்காம் பதிப்பு முதலில் 2000இலும் பின்னர் திருத்தமாக 2003இலும் வந்தது, 4.1 பதிப்பு 2010, 4.2 பதிப்பு 2016. புழக்கத்தில் இன்று முக்கியமானவை மூன்றாம் பதிப்பும் நான்காம் பதிப்பும்.

தொடக்கத்திலேயே சன் நிறுவனம் ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டது. ஒரு செயலி எண்ணின் பெரிய பைட்டை முன்னால் வைக்கும். இன்னொன்று பின்னால் வைக்கும். எக்ஸ்.டி.ஆர். என்ற குறிமுறை, எந்த எண்ணும் நான்கு பைட்டின் மடங்காக, பெரிய பைட் முன்னால் வரும்படி மட்டுமே கம்பியில் போகவேண்டும் என்று விதித்தது. ஆகவே 501 என்ற எண்ணை ஒரு கணினி அனுப்பினால் மறுமுனைக்கும் 501 என்றே போய்ச் சேரும். ஆனால் அந்த 501 யாரைக் குறிக்கிறது, அந்தப் பெயரின் பைட்டுகள் எந்த எழுத்தைக் குறிக்கின்றன, அந்தப் பாதை எந்த வேரிலிருந்து தொடங்குகிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு இயங்குதளமும் தன் வழக்கப்படியே புரிந்துகொள்கிறது. வெவ்வேறு இயங்குதளங்களுக்கு இடையிலான பழுதுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதனால் அமைப்புக் கோப்புகளைக் கண்மூடித்தனமாக மாற்றிப் பார்ப்பதைவிட, எந்த எண் எங்கே எந்தப் பொருளில் படிக்கப்படுகிறது என்று கேட்பதே பயன்தரும்.

சோதனை வரிசை

கேட்கவேண்டிய முதல் கேள்வி: பழுது மவுண்ட் ஆகும்போதா, ஆன பிறகா? ‘பர்மிஷன் டினைடு’ என்ற ஒரே செய்திதான் இரண்டு இடத்திலும் வரும். மவுண்ட் கட்டளையே அதைச் சொன்னால் சர்வரின் எக்ஸ்போர்ட் பட்டியல் இந்தக் கிளையன்டை ஏற்கவில்லை என்று பொருள். மவுண்ட் ஆகி, ஒரு கோப்பைத் தொடும்போது சொன்னால் பயனர் எண்ணோ கோப்பின் அனுமதியோதான் காரணம். இதைப் பிரித்துப் பார்க்காமல் சர்வரில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. பழுதும் தீராது, பாதுகாப்பும் போய்விடும்.

மவுண்டே ஆகவில்லை என்றால் கீழிருந்து மேலே போகவேண்டும். பிங் போகிறதா என்று பார்த்த பின், கிளையன்டிலிருந்து ‘ஆர்.பி.சி.இன்ஃபோ -பி’ கட்டளையைச் சர்வரின் முகவரியோடு கொடுத்தால், சர்வரில் ஓடும் ஆர்.பி.சி. (தொலைச் செயல்முறை அழைப்பு) சேவைகள் எண்ணோடு வரிசையாக வரும். 100000 என்பது போர்ட்மேப்பர், 100003 என்.எஃப்.எஸ்., 100005 மவுண்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் மவுண்ட்டி, 100021 பூட்டு மேலாளர், 100024 ஸ்டேட்டஸ் சேவை. ஒவ்வொரு வரியிலும் எந்தப் பதிப்பு, டி.சி.பி.யா யு.டி.பி.யா, எந்தப் போர்ட் என்பதும் இருக்கும். சர்வர் எந்தப் பதிப்பை ஆதரிக்கிறது என்று அமைப்புக் கோப்பைப் படித்து ஊகிப்பதைவிட இந்தப் பட்டியலைப் பார்ப்பதே நம்பகமானது.

மூன்றாம் பதிப்பில் ஃபயர்வால் தொல்லை அதிகம். போர்ட்மேப்பர் 111இலும் என்.எஃப்.எஸ். 2049இலும் நிலையாக இருக்கும். ஆனால் மவுண்ட்டியும் பூட்டுச் சேவைகளும் தொடங்கும்போது கிடைத்த போர்ட்டை எடுத்துக்கொண்டு அதைப் போர்ட்மேப்பரிடம் பதிவு செய்பவை. நேற்று வரை ஓடியது, சர்வரை மறுதொடக்கம் செய்ததும் நின்றுபோனது என்றால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான். தீர்வு, அவற்றை நிலையான போர்ட்டில் அமர்த்துவது. ரெட்ஹேட் வகை லினக்ஸில் மவுண்ட்டி 20048இல் இருக்கும், சோலாரிஸின் பூட்டுச் சேவை 4045இல் இருக்கும், ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் மவுண்ட்டிக்கு ‘-பி’ விருப்பத்தோடு போர்ட் எண் கொடுக்கவேண்டும். நான்காம் பதிப்பு இந்தச் சுற்றுவழியை ஒழித்து எல்லாவற்றையும் 2049க்குள் கொண்டுவந்துவிட்டது. அதனாலேயே நான்காம் பதிப்பை மட்டும் தரும் சர்வரில் ‘ஷோமவுண்ட் -ஈ’ கட்டளை பதில் தராமல் போகலாம். அது மவுண்ட்டியிடம் கேட்கும் கட்டளை. மவுண்ட்டிக்கு அங்கே வேலையில்லை. ஷோமவுண்ட் தோற்றுவிட்டது என்பதற்காக சர்வர் பழுது என்று முடிவுகட்டக் கூடாது.

இரு முனையும் எந்தப் பதிப்பில் பேசிக்கொள்கின்றன என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். லினக்ஸ் கிளையன்ட் 4.2இல் தொடங்கி, சர்வர் ஏற்காவிட்டால் கீழே இறங்கும். ஃப்ரீ.பி.எஸ்.டி. கிளையன்ட் நாம் சொல்லாவிட்டால் மூன்றாம் பதிப்பையே முயலும். மேக்ஓஎஸ் வழக்கமாக மூன்றையே எடுத்துக்கொள்ளும். ஓப்பன்.பி.எஸ்.டி.யில் நான்காம் பதிப்பே கிடையாது. ஆகவே, ‘லினக்ஸிலிருந்து போகிறது, ஓப்பன்.பி.எஸ்.டி.யிலிருந்து போகவில்லை’ என்ற புகாருக்கு, சர்வரில் மூன்றாம் பதிப்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. யு.டி.பி.யும் இதே போலத்தான். லினக்ஸ் கெர்னல் 5.6 முதல் யு.டி.பி. வழி என்.எஃப்.எஸ். இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. யு.டி.பி. மட்டுமே தெரிந்த பழைய கருவி அந்த லினக்ஸோடு பேச முடியாது. வேகமான வலையமைப்பில் யு.டி.பி. துண்டுகளின் 16 பிட் அடையாள எண் சில வினாடிகளில் சுற்றி மீண்டும் வந்து, வேறு வேறு பொட்டலத்தின் துண்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போகக்கூடிய வழி அது என்பதால் அணைத்தது சரியான முடிவே.

ஒரே பெயர், வேறு இலக்கணம்

லினக்ஸ், பி.எஸ்.டி. வகைகள், மேக்ஓஎஸ் எல்லாவற்றிலும் எக்ஸ்போர்ட்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டுகிறார்கள். வேலை செய்வதில்லை.

லினக்ஸில் கோப்புறையின் பாதை, ஓர் இடைவெளி, கிளையன்டின் பெயர், அதை ஒட்டியே அடைப்புக்குறிக்குள் விருப்பங்கள் என்று எழுதவேண்டும். கிளையன்டின் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால் பொருளே மாறிவிடும். அந்தக் கிளையன்டுக்கு இயல்பு அனுமதி, அதாவது படிக்க மட்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுதும் அனுமதியோ உலகில் உள்ள அனைவருக்கும். பிழைச்செய்தி வராது. ‘எனக்கு எழுத முடியவில்லை’ என்று ஒருவர் புகார் சொல்லும் நேரத்தில், அந்த சர்வரை எட்டக்கூடிய எல்லோருக்கும் எழுத வழி திறந்திருக்கும். இந்த ஒரு இடைவெளிக்காகவே, கோப்பைத் திருத்திய ஒவ்வொரு முறையும் ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி’ கொடுத்து, சர்வர் அதை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் அடைப்புக்குறியே இல்லை. மேப்ரூட், மேப்ஆல், நெட்வொர்க், மாஸ்க் என விருப்பங்கள் கழித்தல் குறியோடு வரும். எழுதும் அனுமதிதான் அங்கே இயல்பு. படிக்க மட்டும் என்றால்தான் ‘-ஆர்ஓ’ என்று சொல்லவேண்டும். லினக்ஸுக்கு நேர் தலைகீழ். இன்னொரு விதி புதியவர்களைத் தவறாமல் மாட்டவைக்கும்: ஒரு கோப்பு முறைமையை ஒரு கிளையன்டுக்கு ஒரே வரியில்தான் அறிவிக்கலாம். ஒரே வட்டுப் பகிர்வில் உள்ள இரண்டு கோப்புறைகளை ஒரே கிளையன்டுக்கு இரண்டு வரியில் எழுதினால் பின்வரும் வரி ஏற்கப்படாது. இரண்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்து எழுதவேண்டும். பாதையில் குறியீட்டு இணைப்பு இருந்தாலும் மவுண்ட்டி மறுக்கும். மறுத்த செய்தி திரையில் வராது, மெசேஜஸ் பதிவுக் கோப்பில் ‘பேட் எக்ஸ்போர்ட்ஸ் லிஸ்ட் லைன்’ என்று கிடக்கும். சோலாரிஸில் ஷேர் கட்டளை, இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமை இருந்தால் ஷேர்என்எஃப்எஸ் என்ற பண்பு.

திருத்தியதைச் சர்வருக்குத் தெரிவிப்பதும் இடத்துக்கு இடம் மாறும். லினக்ஸில் ‘எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ’, ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் மவுண்ட்டியை ரீலோட் செய்வது, மேக்ஓஎஸ்ஸில் ‘என்எஃப்எஸ்டி அப்டேட்’. மேக்ஓஎஸ்ஸில் ‘என்எஃப்எஸ்டி செக்எக்ஸ்போர்ட்ஸ்’ என்று முன்கூட்டியே இலக்கணம் சரிபார்க்கும் கட்டளையும் உண்டு. மற்றவர்களும் இப்படி ஒன்றைத் தந்திருக்கலாம்.

மவுண்ட் ஆகிறது, உள்ளே ஒரு கோப்புறை மட்டும் காலியாகத் தெரிகிறது என்றால், சர்வரில் அந்தக் கோப்புறை தனிக் கோப்பு முறைமையாக இருக்கும். எக்ஸ்போர்ட் ஒரு கோப்பு முறைமையின் எல்லையோடு நின்றுவிடும். எல்லைக்கு அப்பால், மேலே மற்றொன்று பொருத்தப்படுவதற்கு முன் இருந்த வெறும் கோப்புறைதான் கிளையன்டுக்குத் தெரியும். இசட்.எஃப்.எஸ். பயன்படுத்துவோர் பிள்ளைத் தரவுத்தொகுதிகளைத் தாராளமாக உருவாக்குவதால் இதை அடிக்கடி சந்திப்பார்கள். ‘என் கோப்பெல்லாம் அழிந்துவிட்டது’ என்று பதற வேண்டாம். மூன்றாம் பதிப்பில் ஒவ்வொன்றையும் தனியே எக்ஸ்போர்ட் செய்து தனியே மவுண்ட் செய்யவேண்டும். லினக்ஸ் சர்வரில் இதைத் தவிர்க்க கிராஸ்மவுண்ட் என்ற விருப்பம் இருக்கிறது.

மேக்ஓஎஸ்ஸும் 1024க்குக் கீழான போர்ட்டும்

லினக்ஸ் சர்வரும் மேக் கிளையன்டும் சேரும் இடத்தில் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்ற செய்தி பலரைக் குழப்புகிறது. எக்ஸ்போர்ட் பட்டியல் சரி, ஃபயர்வால் திறந்திருக்கிறது, வேறு லினக்ஸ் கணினியிலிருந்து மவுண்ட் ஆகிறது, மேக்கிலிருந்து மட்டும் ஆகவில்லை.

யூனிக்ஸில் 1024க்குக் கீழான போர்ட்டை ரூட் பயனர் மட்டுமே திறக்க முடியும் என்பது பழைய வழக்கம். அத்தகைய போர்ட்டிலிருந்து வரும் கோரிக்கை கெர்னலிடமிருந்தே வருகிறது, சாதாரணப் பயனரின் போலி நிரலிடமிருந்து அல்ல என்று சர்வர் நம்பும். லினக்ஸ் சர்வர் இந்த நிபந்தனையை ‘செக்யூர்’ என்ற பெயரில் இயல்பாகவே வைத்திருக்கிறது. மேக்ஓஎஸ் கிளையன்டோ இயல்பாக உயர்ந்த எண் கொண்ட போர்ட்டிலிருந்து பேசுகிறது. மேக்கில் மவுண்ட் செய்யும்போது ‘ரெஸ்வ்போர்ட்’ விருப்பத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும். சர்வரில் ‘இன்செக்யூர்’ என்று தளர்த்தினாலும் போகும். தன் மடிக்கணினியில் தானே ரூட் ஆக முடிகிற இந்தக் காலத்தில் அந்தப் போர்ட் நிபந்தனை தரும் காப்பு மிகச் சிறியது. ஆனாலும் ஒரு மேக்குக்காகச் சர்வரின் நிபந்தனையை எல்லோருக்கும் தளர்த்துவதைவிட, கிளையன்டில் ஒரு சொல்லைச் சேர்ப்பதே முறை. உண்மையான காப்பு வேண்டுவோர் கெர்பரோஸ் அடையாளச் சரிபார்ப்புக்குப் போகவேண்டும். அதற்கு இரு முனைக் கடிகாரங்களும் 5 நிமிடத்துக்கு மேல் விலகாமல் இருக்கவேண்டும்.

501 யார்?

கெர்பரோஸ் இல்லாத வழக்கமான அமைப்பில், கிளையன்ட் ஒவ்வொரு கோரிக்கையிலும் பயனரின் பெயரை அனுப்புவதில்லை. பயனர் எண்ணையும் குழு எண்களையும் மட்டுமே அனுப்புகிறது. சர்வர் அதை அப்படியே நம்புகிறது. மேக்ஓஎஸ்ஸில் முதல் பயனருக்கு 501 என்ற எண் விழும். உபுண்டு, டெபியனில் 1000. ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் 1001. ஒரே மனிதர் மூன்று கணினியிலும் ஒரே பெயரில் நுழைந்தாலும் என்.எஃப்.எஸ். பார்வையில் மூன்று பேர்.

ஒரு மேக்கிலிருந்து உபுண்டு சர்வரில் ஒரு கோப்பை உருவாக்கி, சர்வரில் ‘எல்எஸ் -எல்’ கொடுத்துப் பாருங்கள். உரிமையாளர் இடத்தில் பெயரில்லாமல் 501 என்ற எண் நிற்கும். குழு இடத்தில் ‘டயல்அவுட்’ என்று இருக்கும்! மோடம் பயன்படுத்துவோருக்கான குழு இங்கே ஏன் வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. மேக்கில் பயனர்களின் இயல்புக் குழு ‘ஸ்டாஃப்’. அதன் எண் 20. டெபியன் வழிவந்தவற்றில் 20 என்றால் டயல்அவுட். எண் பிசகாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, அகராதிதான் வேறு. ஆகவே முதல் சோதனை, இரு முனையிலும் ‘ஐடி’ கட்டளையைக் கொடுத்து எண்களை ஒப்பிடுவது. ‘எல்எஸ் -எல்என்’ கொடுத்தால் கோப்புகளின் உரிமையாளரும் பெயராக மாறாமல் எண்ணாகவே வரும். சில கணினிகளே இருந்தால் பயனர் எண்ணை எல்லா இடத்திலும் ஒன்றாக்கிவிடுவது நல்லது. நிறைய இருந்தால் எல்டேப் போன்ற மைய அடைவு வேண்டும். ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் பகிர்வு என்றால், வருவோர் அனைவரையும் ஒரே எண்ணாகக் கருதும் விருப்பத்தைச் சர்வரில் வைக்கலாம்: ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் மேப்ஆல், லினக்ஸில் ஆல்_ஸ்குவாஷோடு அனான்யுஐடி.

ரூட் பயனருக்குத் தனி விதி. கிளையன்டின் ரூட் சர்வரில் ரூட்டாக நடமாடக் கூடாது என்பதால், 0 என்ற எண்ணைச் சர்வர் ‘நோபடி’ பயனராக மாற்றிவிடும். கிளையன்டில் ரூட்டாக இருந்தும் ஒரு கோப்பை அழிக்க முடியாமல் போவது இதனால்தான். அது பழுதல்ல, காப்பு. அந்த நோபடிக்கும் ஒரே எண் இல்லை. லினக்ஸில் 65534, சோலாரிஸில் 60001, மேக்கில் -2. மைனஸ் இரண்டை 16 பிட்டில் குறியில்லாமல் படித்தால் 65534, 32 பிட்டில் படித்தால் 4294967294. கோப்புப் பட்டியலில் இந்தப் பத்து இலக்க எண்ணைப் பார்த்தால் வட்டு கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம்.

குழுக்களில் ஒரு மறைவான எல்லை உண்டு. கோரிக்கையில் அதிகபட்சம் 16 துணைக் குழு எண்களுக்கே இடம். இருபது குழுக்களில் உறுப்பினராக இருப்பவருக்குச் சில கோப்புறை திறக்கும், சில திறக்காது. சர்வரில் நேரடியாக நுழைந்தால் எல்லாமே திறக்கும். பயனர் எண் சரி, குழுவும் சரி, அனுமதியும் சரி என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் குழுக்களை எண்ணிப் பார்க்கவேண்டும். லினக்ஸ் மவுண்ட்டியின் ‘மேனேஜ்-ஜிஐடிஸ்’ விருப்பம், கிளையன்ட் அனுப்பும் பட்டியலை ஒதுக்கிவிட்டு, குழுக்களைச் சர்வரே தன் பட்டியலில் தேடிக்கொள்ளச் செய்யும்.

நான்காம் பதிப்பில் பெயர்

நான்காம் பதிப்பு எண்ணுக்குப் பதில், பயனர் பெயரும் டொமைன் பெயரும் சேர்ந்த சொல்லை அனுப்பும்படி வகுக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் கோப்பின் உரிமையாளர் யார் என்ற தகவல்தான் பெயராகப் போகிறதே தவிர, கெர்பரோஸ் இல்லாவிட்டால் கோரிக்கையை அனுப்புபவர் யார் என்பது இன்னும் எண்ணாகவே போகிறது. இதிலிருந்து விசித்திரமான நோய் ஒன்று பிறக்கிறது. இரு முனைகளின் டொமைன் அமைப்பும் பொருந்தாவிட்டால் எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் நோபடி என்று பட்டியலில் தெரியும்; ஆனால் கோப்பைத் திறந்து எழுதினால் எழுத முடியும்! எழுத அனுமதிப்பது எண்ணைப் பார்த்து. காட்டுவது பெயரைப் பார்த்து. உரிமையாளரை மாற்றும் கட்டளை மட்டும் தோற்கும். இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் அனுமதிகளைத் தொடாமல் லினக்ஸில் ஐடிமேப்டி அமைப்புக் கோப்பையும் ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் என்எஃப்எஸ்யூசர்டியின் டொமைனையும் ஒப்பிடவேண்டும். பெயருக்குப் பதில் எண்ணையே இலக்கச் சொல்லாக அனுப்பும் ஏற்பாட்டை 2015ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 7530 அனுமதிக்கிறது, லினக்ஸ் கிளையன்ட் அதைக் கெர்னல் 3.3 முதல் இயல்பாக்கிக்கொண்டது. மறுமுனையும் எண்ணை ஏற்கும்படி இருந்தால் சிறிய அமைப்புகளுக்கு அதுவே சிக்கலில்லாத வழி.

பாதையும் மாறும். மூன்றாம் பதிப்பில் சர்வரின் முழுப் பாதையைக் கொடுப்போம். நான்காம் பதிப்பில் எல்லா எக்ஸ்போர்ட்டுக்கும் மேலே ஒரு கற்பனை வேர் இருக்கிறது. பாதையை அதிலிருந்து எண்ணவேண்டும். லினக்ஸில் ‘எஃப்எஸ்ஐடி=0’ என்று குறித்த கோப்புறையே வேர்; ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ‘வி4’ என்று தொடங்கும் வரி வேரைச் சொல்லும். அந்த வரியே இல்லாவிட்டால் நான்காம் பதிப்பு மவுண்ட் நடக்காது. மூன்றில் ஆகிறது, நான்கில் ‘நோ சச் ஃபைல்’ வருகிறது என்றால் பாதையின் முன்பகுதியைக் குறைத்துப் பாருங்கள்.

உறைதல், பூட்டு, செல்லாத கைப்பிடி

சர்வர் நின்றுவிட்டால் கிளையன்டின் நிரல் பிழை சொல்லாமல் காத்துக்கொண்டே இருப்பது இயல்பான, ‘ஹார்டு’ எனப்படும் மவுண்டின் நடத்தை. ‘நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்’ என்று பதிவுக் கோப்பு சொல்லிக்கொண்டிருக்கும். எரிச்சலில் ‘சாஃப்ட்’ என்று மாற்றுவோர் உண்டு. அப்போது குறித்த நேரம் கழிந்ததும் நிரலுக்குப் பிழை திரும்பும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல் பாதி எழுதிய கோப்பை முழுக் கோப்பாக நினைத்து மேலே போய்விடும். எழுதும் பகிர்வில் சாஃப்ட் வேண்டாம். உறைந்ததை விடுவிக்க லினக்ஸில் ‘யுமவுண்ட் -எல்’, மேக்கில் ‘-எஃப்’, புதிய ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் ‘-என்’.

சிறிய கோப்புறை திறக்கிறது, நூற்றுக்கணக்கான கோப்பு உள்ள கோப்புறையைத் திறந்தால் உறைகிறது என்ற அறிகுறி என்.எஃப்.எஸ்.ஸின் குற்றமே அல்ல. ஒரு பொட்டலத்தின் உச்ச அளவான எம்.டி.யு. ஒரு முனையில் 9000, மறுமுனையிலோ நடுவே உள்ள சுவிட்சிலோ 1500 என்றிருந்தால் சிறு பொட்டலம் போகும், பெரியது விழும். லினக்ஸில் ‘பிங் -எம் டூ -எஸ் 8972’, ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் ‘பிங் -டி -எஸ் 8972’ கொடுத்தால் உடனே தெரிந்துவிடும். 9000இலிருந்து தலைப்புகளுக்கான 28 பைட் கழிந்த மிச்சம் அந்த 8972.

‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்பது வேறு. சர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் பெயருக்குப் பதில் ஒரு கைப்பிடியைத் தருகிறது; இரண்டாம் பதிப்பில் அது 32 பைட், மூன்றில் 64 வரை, நான்கில் 128 வரை. அதற்குள் கோப்பு முறைமையின் அடையாளம், ஐநோட் எண் போன்றவை இருக்கும். உட்பொருள் சர்வருக்கு மட்டுமே புரியும். சர்வரில் வட்டை மாற்றினாலோ, காப்புப் பிரதியிலிருந்து மீட்டாலோ, மறுதொடக்கத்தில் வட்டின் சாதன எண் மாறினாலோ பழைய கைப்பிடி செல்லாது. மறுபடி மவுண்ட் செய்தால் சரியாகும். ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் வந்தால் லினக்ஸ் சர்வரில் எஃப்எஸ்ஐடி எண்ணை நிலையாகக் குறித்துவிடலாம். பிழை எண்ணைக் கொண்டு தேடுவோர் கவனிக்க: இதே பிழைக்கு நெறிமுறையிலும் பி.எஸ்.டி.யிலும் 70, லினக்ஸில் 116, சோலாரிஸில் 151.

மூன்றாம் பதிப்பில் பூட்டு தனி நெறிமுறை. பூட்டுக்காகக் காத்திருக்கும் கிளையன்டைப் பிறகு சர்வரே திரும்ப அழைக்கும். அதனால் கிளையன்டின் ஃபயர்வாலும் திறந்திருக்கவேண்டும், இதை மறந்துவிடுகிறார்கள். கோப்புகள் நன்றாகத் திறந்து, மின்னஞ்சல் நிரலோ உலாவியோ மட்டும் ‘நோ லாக்ஸ் அவெய்லபிள்’ என்று நின்றால் பூட்டுச் சேவையைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். லினக்ஸில் நோலாக், ஃப்ரீ.பி.எஸ்.டி.யில் நோலாக்டி, மேக்கில் லோக்கல்லாக்ஸ் என்ற விருப்பங்கள் பூட்டைக் கணினிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒரே கிளையன்ட் பயன்படுத்தும் பகிர்வுக்கு மட்டுமே அது பொருந்தும். இரண்டு கிளையன்ட் ஒரே தரவுத்தளக் கோப்பில் எழுதினால் கோப்பு நாசமாகும்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

மேக்கும் லினக்ஸும் ஒரே சர்வரைப் பகிரும் இடத்தில் தமிழில் பெயரிடுவோருக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ‘கோவில்’ என்ற பெயரில் ஒரே கோப்புறைக்குள் இரண்டு கோப்பு, கண்ணுக்கு எழுத்து வேறுபாடே இல்லை. ஒன்று திறக்கும், மற்றது ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று சொல்லும்.

யூனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். முழுக்குறியாக ஒரே குறியீட்டெண்ணில் எழுதலாம். அல்லது ஏகார இரட்டைக் கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறியீட்டெண்ணில் எழுதலாம். ஒகரக் குறி, ஔகாரக் குறி, தனி ஔ எழுத்து ஆகியவற்றுக்கும் இதே நிலை. தமிழ்க் குறியீட்டெண் ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8இல் 3 பைட். ஆகவே ‘கோவில்’ ஒரு வடிவில் 18 பைட், பிரிந்த வடிவில் 21 பைட். மேக்கின் எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகள் பெயரை வெறும் பைட்டுத் தொடராகப் பார்ப்பவை. 18 பைட் ஒரு பெயர், 21 பைட் வேறொரு பெயர். என்.எஃப்.எஸ். வந்த பைட்டை அப்படியே கடத்துகிறது. ஆங்கிலப் பெயர்களிலேயே சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ‘கல்’, ‘மரம்’ போன்ற பெயரும் தப்பிவிடும். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து வந்தால் மட்டுமே மாட்டும் என்பதால் தமிழர்களே இதைக் கண்டுபிடிக்கத் திணறுகிறார்கள்.

கண்டறிய, பெயர்ப் பட்டியலை ஹெக்ஸ்டம்ப் கட்டளைக்குள் செலுத்திப் பைட்டுகளை எண்ணிப் பார்க்கலாம். மேக்கில் மவுண்ட் செய்யும்போது ‘என்எஃப்சி’ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பெயர்கள் சேர்ந்த வடிவிலேயே சர்வருக்குப் போகும். ஏற்கெனவே பிரிந்து கிடப்பவற்றை லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவியால் மொத்தமாகச் சேர்ந்த வடிவுக்கு மாற்றலாம். இரட்டையாக இருப்பவற்றை மட்டும் முதலில் கையால் பிரித்து வைக்கவேண்டும். இன்னொரு எல்லையையும் நினைவில் வைக்கவேண்டும். லினக்ஸ் கோப்பு முறைமைகளில் பெயருக்கு 255 பைட் என்றால் தமிழில் 85 குறியீட்டெண், அதிலும் ‘கோ’ இரண்டைப் பிடித்துக்கொள்ளும். நீண்ட கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைத்தால் மேக்கின் வட்டில் இடம் கிடைக்கும், லினக்ஸ் சர்வருக்கு நகலெடுக்கும்போது ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று நின்றுவிடும். சர்வர் இசட்.எஃப்.எஸ். என்றால் இரு வடிவத்தையும் ஒன்றாகக் கருதும்படி ‘நார்மலைசேஷன்’ பண்பை வைக்கலாம். தரவுத்தொகுதியை உருவாக்கும்போது மட்டுமே அதை வைக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. ஆகவே தமிழ் ஆவணங்களுக்கான பகிர்வைத் திட்டமிடுவோர் முதல் கோப்பை ஏற்றுவதற்கு முன்பே இதை முடிவு செய்யவேண்டும்.